மகள் தந்த சர்ப்ரைஸ் கேமரா... 48 வயதில் தொடங்கிய வாழ்க்கை! ஜூலியா மார்கரெட் கேமரூன் கதை

ஒரு சின்ன கற்பனை. உங்க வீடு திருவண்ணாமலை வேங்கிக்கால்ல இருக்குன்னு வெச்சுக்கோங்க. மொட்டை மாடிக்குப் போனா அண்ணாமலை தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில வாசல்ல ஒரு அட்டைப்பெட்டி. பிரிச்சுப் பார்த்தா உள்ளே பழைய ஃபிலிம் கேமராக்கள்! ஒரு ஆக்ஃபா க்ளிக் 3, கூடவே ஒரு யாஷிகா. வீட்டைக் காலி பண்ணிட்டு வேற ஊருக்குப் போற மாமா, இனிமே இது உனக்குத்தான்னு அனுப்பி வெச்சிருக்கார்.

என்ன பண்ணுவீங்க? முதல்ல ஒரு ஸ்டோரி போடுவீங்க. அப்புறம்? க்ளிக் 3-ல ஒரு ரோலுக்கு 12 படம்தான். யாஷிகாவுல 36. எடுத்ததை உடனே பார்க்க முடியாது. ரோலைக் கழுவித் தர ஆள் தேடணும். பரிசா வந்த பல கேமராக்கள் ஷோகேஸ் பொம்மையா மாறிப்போவது இந்தக் கட்டத்தில்தான்.

1863 டிசம்பரில், இங்கிலாந்தின் தெற்கே ஒயிட் தீவில் இருக்கும் ஃப்ரெஷ்வாட்டர் கிராமத்தில், ஒரு அம்மாவுக்கும் இப்படி ஒரு கேமரா பரிசாக வந்தது. அவர் கேட்கவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. அப்போது அவருக்கு வயது 48. ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். அதுவரை புகைப்படக்கலையைத் தொழிலாகக் கற்றவர் இல்லை. ஆனால் அந்தக் கேமராவை அவர் ஷோகேஸில் வைக்கவில்லை. அடுத்த 12 வருடங்களில் உலகப் புகைப்பட வரலாற்றில் அழிக்க முடியாத ஒரு இடத்தைப் பிடித்தார். அவர்தான் ஜூலியா மார்கரெட் கேமரூன்.

பெயரிலேயே கேமரா இருக்கேன்னு தோணுதா? அது கல்யாணத்தில் வந்த கணவர் வீட்டுப் பெயர். கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை!

கல்கத்தாவில் பிறந்தவர்

ஜூலியா வெள்ளைக்காரர்தான். ஆனால் பிறந்தது நம்ம நாட்டில். 1815 ஜூன் 11 அன்று கல்கத்தாவில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் பேட்டில், கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி. அம்மா அடலீன், பிரெஞ்சு வம்சாவளி. சின்ன வயதின் பெரும்பகுதி பிரான்ஸில், பாட்டி வீட்டில் கழிந்தது. சகோதரிகள் எல்லாரும் அழகுக்குப் பேர் போனவர்கள். ஜூலியாவை மட்டும் அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. அழகான முகங்களைத் தேடித் தேடிப் படமெடுத்த ஒருவருக்கு, இது சின்ன வயதிலேயே மனதில் பதிந்திருக்குமோ என்று யோசிக்கத் தோன்றுகிறது.

1836-ல் உடம்பு தேற தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனார். அந்த ஒரே பயணத்தில், தன் வாழ்க்கையையே மாற்றப்போகும் இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் ஜான் ஹெர்ஷல். தென்வானத்து நட்சத்திரங்களை ஆராய அங்கே வந்திருந்த விஞ்ஞானி. படம் வெளிச்சத்தில் அழிந்துபோகாமல் நிலைநிறுத்த உதவும் ஹைப்போ என்ற ரசாயனத்தைப் புகைப்படக்கலைக்குத் தந்தவர் இவர்தான். இன்னொருவர் சார்லஸ் ஹே கேமரூன். ஜூலியாவைவிட 20 வயது மூத்தவர். 1838-ல் கல்கத்தாவில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

இந்த சார்லஸை உங்களுக்குத் தெரியாது. ஆனா அவர் வேலை பார்த்த சமாசாரம் நல்லாவே தெரியும். 420 கேஸ் என்று சொல்கிறோமே, அந்த 420-வது பிரிவு இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவை 1837-ல் தயாரித்தது மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம். அதில் சார்லஸும் ஓர் உறுப்பினர். அந்தச் சட்டம் 2024 ஜூலை 1-ம் தேதி வரை நம் நாட்டில் நடைமுறையில் இருந்தது. அதற்கும் முன்பே இலங்கையின் நிர்வாகத்தையும் நீதிமன்றங்களையும் மாற்றியமைத்த கோல்புரூக் - கேமரூன் குழுவில் இருந்தவரும் இவரே. இலங்கை நண்பர்கள் யாராவது இருந்தால் கேட்டுப்பாருங்கள், பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள்.

புகைப்படக்கலை பிறந்தபோது ஜூலியா கல்கத்தாவில் இருந்தார். ஹெர்ஷல் அதைப் பற்றிக் கடிதங்களில் சொன்னார், சில மாதிரிப் படங்களையும் அனுப்பிவைத்தார். ஜூலியா ஆசையாகப் பார்த்தார். பார்த்ததோடு சரி. 1848-ல் சார்லஸ் ஓய்வுபெற, குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1860-ல் ஃப்ரெஷ்வாட்டரில் வீடு வாங்கினார்கள். அந்த வீட்டுக்கு வைத்த பெயர் டிம்போலா. இலங்கை மலைநாட்டில் அவர்களுக்கு இருந்த காபித் தோட்டத்தின் நினைவாக வைத்த பெயர் அது. பக்கத்து வீட்டுக்காரர் யார் தெரியுமா? இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் டென்னிசன்!

பெட்டிக்குள் வந்தது என்ன?

1863-ன் கடைசி. சார்லஸ் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு திசை. பெரிய வீடு, உள்ளே தனிமை. அம்மாவுக்கு ஏதாவது பொழுதுபோக வேண்டுமே என்று அவருடைய ஒரே மகளும் மருமகனும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பரிசுதான் அந்தக் கேமரா. மகளின் பெயரும் ஜூலியாதான்.

பொழுதுபோக்குக்குக் கொடுத்த பொருளா அது? இன்றைக்குக் கேட்டால் தலை சுற்றும். மரத்தில் செய்த கனமான பெட்டி. அப்போது ஃபிலிம் ரோல் கிடையாது. ஈஸ்ட்மனின் கோடாக் ரோல் கேமரா வந்ததே 1888-ல்தான். ஜூலியாவிடம் இருந்தது கண்ணாடித் தகடு. ஒரு படம் எடுக்க என்னென்ன செய்யணும்னு பாருங்க.

கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்து, அதன்மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சமமாக ஊற்ற வேண்டும். பிறகு இருட்டறையில் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்திப் படம் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு இருட்டறைக்கு ஓடி ரசாயனம் ஊற்றிப் படத்தை வரவைக்க வேண்டும். அப்புறம் கழுவணும், நிலைநிறுத்தணும், உலர்த்தணும், வார்னிஷ் பூசணும். இவ்வளவும் முடிந்தால் கையில் இருப்பது ஒரு நெகட்டிவ்தான். முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தை அதோடு சேர்த்து வெயிலில் வைத்தால்தான் படம் கிடைக்கும்.

இந்த வேலையில் எங்கே சறுக்கினாலும் படம் போச்சு. ஜூலியாவின் முதல் படமும் போச்சு. ஒரு உள்ளூர் விவசாயியை மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசி உட்காரவைத்து எடுத்தார். படம் வந்த சந்தோஷத்தில், கண்ணாடியின் ஈரமான பக்கத்தைக் கையால் தேய்த்துவிட்டார். மொத்தமும் அழிந்தது. அந்த விவசாயிக்கு கூலி கொடுத்த விஷயம் ஜூலியாவின் நினைவுக்குறிப்பில் இருக்கிறது. அவர் பெயர் இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கோழிகளுக்கு விடுதலை

யூடியூப் டுடோரியல் இல்லை. கோர்ஸ் இல்லை. ஆனால் ஜூலியா விடவில்லை. நிலக்கரி போட்டுவைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். தோட்டத்தில் இருந்த கண்ணாடிக் கோழிக்கூட்டை ஸ்டுடியோ ஆக்கினார். அதில் இருந்த கோழிகளைத் திறந்துவிட்டாச்சு. அவை யார் வீட்டிலும் குழம்பாகி இருக்காது என்று நம்புவதாகப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார்.

1864 ஜனவரி 29. ஆனி ஃபில்பாட் என்ற சிறுமி வந்து உட்கார்ந்தாள். கோட்டு போட்டு, லேசாகத் தலையைத் திருப்பி, எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குழந்தை. படம் வந்தது! அன்றைக்கே பிரின்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, குழந்தையின் அப்பாவுக்குக் கொடுத்தார். தன் முதல் வெற்றி ஆனிதான் என்று படத்துக்கே பெயர் வைத்தார். ஏதோ அந்தக் குழந்தையே படத்தைச் செய்துகொடுத்த மாதிரி, அவளுக்குப் பரிசு தேடி வீடு முழுக்க ஓடினாராம்.

கேமரா கைக்கு வந்த சில வாரங்களில் இந்தப் படம். அதற்குப் பிறகு ஃப்ரெஷ்வாட்டரில் யாருக்கும் நிம்மதி இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி, வேலைக்காரப் பெண், தெருவில் போன குழந்தை, டென்னிசனைப் பார்க்க வந்த பிரபலம், யாரும் தப்ப முடியாது. பிடித்து உட்காரவைத்துவிடுவார். அதுவும் ஒரு க்ளிக்கில் முடியாது. நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். ரசாயனக் கறை படிந்து ஜூலியாவின் கைகள் எப்போதும் கறுத்துக் கிடந்தன. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பரிணாமக் கொள்கையின் டார்வின் 1868-ல் குடும்பத்தோடு கோடையைக் கழிக்க அங்கே வந்தபோது படமெடுத்தார். தன்னை எடுத்ததிலேயே தனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான் என்று டார்வின் எழுதியே கொடுத்தார். பழைய நண்பர் ஹெர்ஷலை 1867-ல் அவர் வீட்டுக்கே போய் எடுத்தார். எடுப்பதற்கு முன் தலைமுடியை அலசச் சொன்னாராம். முடி கலைந்து வெளிச்சத்தில் மின்ன வேண்டும் என்பதற்காக! 75 வயது விஞ்ஞானியின் முகம் இருட்டிலிருந்து ஒரு நட்சத்திரம்போல எழும்பி வரும் அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். இன்றைய போர்ட்ரெய்ட் மோடில்கூட அப்படி ஒரு வெளிச்சம் சுலபத்தில் கிடைக்காது.

படம் என்ன கலங்கலா இருக்கு?

புகழ்ச்சி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் செம கலாய். அந்தக் காலத்தில் நல்ல போட்டோ என்றால் சட்டை பட்டன் முதல் நாற்காலிக் கால்வரை எல்லாம் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஜூலியாவின் படங்களோ கலங்கலாக இருந்தன. கைரேகை, கீறல், கறை எல்லாம் அப்படியே தெரிந்தது. தொழில் தெரியாத அம்மா என்று புகைப்படப் பத்திரிகைகள் கிண்டலடித்தன.

ஜூலியாவின் கணக்கு வேறு. லென்ஸைத் திருப்பிக்கொண்டே வருவார். முகம் எந்த இடத்தில் அழகாகத் தெரிகிறதோ அங்கே நிறுத்திவிடுவார். அதற்கு மேல் துல்லியம் தேடி அவர் போகவில்லை. ஒரு முகத்தை அவ்வளவு கிட்டத்தில் போய், பின்னணி எதுவும் இல்லாமல், முகத்தை மட்டுமே படமாக்கும் துணிச்சல் அன்று வேறு யாருக்கும் பெரிதாக வரவில்லை. நீங்க இப்போ பின்னணியை மங்கலாக்கி எடுக்குற படங்களுக்கு எல்லாம் இவங்களை ஒரு பாட்டின்னு சொல்லலாம்.

பிசினஸிலும் ஆள் கில்லாடி. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களுக்கு முறைப்படி காப்புரிமை பதிவு செய்தார். கேமரா வந்து இரண்டு வருடம்கூட முடியாத 1865-லேயே, லண்டன் சவுத் கென்சிங்டன் மியூசியம் அவர் படங்களை விலைக்கு வாங்கியது. இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம்தான் அது. 1868-ல் படமெடுக்க அங்கேயே இரண்டு அறைகளும் ஒதுக்கித் தந்தது. ஆனாலும் பெரிய பணம் சேரவில்லை. விற்றதைவிட, ஆல்பம் ஆல்பமாகப் போட்டு நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்ததுதான் அதிகம் பேசப்படுகிறது.

ஒரு போட்டோவும் கும்பகோணத்துப் பிள்ளையும்

ஜூலியாவின் வீட்டில் மேரி ரயான் என்று ஒரு பெண் இருந்தார். சிறுமியாகத் தன் தாயோடு தெருவில் பிச்சையெடுத்துக் கொண்டிருந்தபோது ஜூலியா வீட்டுக்கு அழைத்துவந்தார். வீட்டு வேலை செய்தார், கேமரா முன்னாலும் நின்றார். ராணியாக, இலக்கிய நாயகியாக அவருக்கு வேஷம் போட்டுப் படம் எடுத்தார் ஜூலியா.

லண்டனில் நடந்த ஒரு கண்காட்சியில் இந்த மேரியின் படத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார் ஒரு இளைஞர் என்று அந்தக் காதல் கதையைச் சொல்வார்கள். 1867-ல் இருவருக்கும் கல்யாணமே ஆனது. அந்த இளைஞர் பெயர் ஹென்றி காட்டன். பிறந்த ஊர்... நம்ம கும்பகோணம்! பிறகு ஐ.சி.எஸ் அதிகாரியாக இந்தியாவில் உயர்ந்த பதவிகளை வகித்தார். இந்தியர்களுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார். 1904-ல் பம்பாயில் நடந்த இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியது இவர்தான். வேலைக்காரப் பெண்ணாக இருந்த மேரி, லேடி காட்டன் ஆனார்.

ஒரு போட்டோ ஒருவர் தலையெழுத்தையே மாற்றிய கதை இது. மேரி யார், எங்கிருந்து வந்தார், என்ன ஆனார் என்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது. காரணம், அவர் பெயரை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

கப்பலில் ஏறிய சவப்பெட்டிகள்

1873-ல் பேரிடி. கேமராவைப் பரிசளித்த மகள் ஜூலியா பிரசவத்தில் இறந்துபோனார். அடுத்த வருடம் ஜூலியா, தன் கேமரா வாழ்க்கையை நினைவுக்குறிப்பாக எழுதத் தொடங்கினார். மகள் தந்த அந்தப் பரிசைப் பற்றியும் அதில் எழுதினார். ஆனால் அதை முடிக்கவில்லை.

குடும்பத்தின் கையிருப்பும் கரைந்துகொண்டிருந்தது. இலங்கையின் காபித் தோட்டங்களை 1869-ல் இருந்து இலைத்துரு நோய் தாக்கியது. காபியை நம்பிய தோட்டக்காரர்கள் பலர் நொடித்துப்போனார்கள். இலங்கைத் தேயிலையின் காலம் பிறந்ததே காபி இப்படிச் செத்த பிறகுதான். சார்லஸுக்கோ இலங்கைக்குப் போக வேண்டும் என்று தீராத ஆசை. மகன்களும் அங்கே இருந்தார்கள். 1875 அக்டோபரில் 60 வயது ஜூலியாவும் 80 வயது சார்லஸும் கப்பலேறினார்கள். சாமான்களோடு ஒரு பசுமாடும், தங்களுக்கான இரண்டு சவப்பெட்டிகளும் போயின என்று குடும்பத்தில் சொல்வார்கள். துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களுக்குக் கொடுக்கக் காசு இல்லாமல், தன் போட்டோக்களையே கொடுத்தாராம் ஜூலியா. அந்தப் பிரின்ட்டுகள் இன்று ஏலத்துக்கு வந்தால் என்ன விலை போகும்னு நினைச்சுப் பாருங்க!

பெயர் இல்லாத நம் முகங்கள்

இலங்கையில் களுத்துறையிலும், மலைநாட்டில் டிக்கோயா பக்கத்துத் தோட்டத்திலும் வாழ்ந்தார்கள். அங்கே எடுத்தவற்றில் ஏறக்குறைய 30 படங்கள்தான் இன்று இருக்கின்றன. வெயிலில் கொலோடியன் சீக்கிரம் காயும். ரசாயனங்கள் கப்பலில் வர வேண்டும். வாங்கக் காசும் வேண்டும்.

அந்தச் சில படங்களில் இருப்பவர்கள் யார்? தோட்டத்தில் வேலை செய்தவர்கள், வீட்டு வேலை பார்த்தவர்கள், ஊர்க்காரர்கள். சிங்களர்கள், தமிழர்கள். அந்தத் தமிழர்கள் எங்கிருந்து போனவர்கள்? திருச்சி, சேலம், ஆற்காடு என்று நம் மண்ணிலிருந்து போனவர்கள். படகில் கடல் கடந்து, காட்டுவழியில் நடந்தே மலையேறியவர்கள். ஜூலியா அங்கே இருந்த 1876 - 78 காலகட்டத்தில்தான் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தின்றது. பிழைக்க வழியின்றிக் கூட்டம் கூட்டமாக இலங்கைக்குப் போனார்கள்.

இங்கிலாந்தில் கவிஞர்களைப் பார்த்த அதே கண்ணால்தான் இவர்களையும் ஜூலியா பார்த்தார். தலையைச் சாய்த்து நிற்கும் பெண்ணின் முகத்தில் அதே நிழல், அதே வெளிச்சம், அதே கனம். வெள்ளைக்காரர்கள் அன்று நம் மக்களை வரிசையாக நிற்கவைத்து, இன்ன சாதி, இன்ன தொழில் என்று அட்டவணைபோலப் படமெடுத்துக் கொண்டிருந்த காலம். ஜூலியாவின் படங்களில் தெரிவது ஒரு மனுஷியின் முகம். இதை அவருக்குப் பெருமையாகவே சொல்லலாம்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. டார்வின் படத்தில் டார்வின் பெயர் உண்டு. உலகம் சுற்றிப் பூக்களை வரைந்த ஓவியர் மேரியன் நார்த் களுத்துறைக்கு வந்தபோது எடுத்த படங்களில் அவர் பெயர் உண்டு. நம்மவர்கள் படங்களில்? களுத்துறை விவசாயிகள் என்று ஒரு தலைப்பு. சிலோன் பெண் என்று ஒன்று. பலவற்றுக்கு அதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் பெயர் என்ன, எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை... ஒன்றும் கிடையாது.

அவர்கள் நினைத்தால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா? அதுவும் சந்தேகம்தான். ஒரு ஆளின் முதுகு அழகாக இருக்கிறது என்பதற்காகவே, தோட்டமே இல்லாத வீட்டுக்குத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் ஜூலியா பிடிவாதம் பிடித்ததாக மேரியன் நார்த் எழுதிவைத்திருக்கிறார். படிக்கச் சிரிப்பு வரும். ஆனால் சம்பளம் கொடுக்கிற வீட்டு அம்மா கேமரா முன்னால் நிற்கச் சொன்னால், நிற்பதைத் தவிர வேறு வழி என்ன?

1879 ஜனவரி 26 அன்று மலைநாட்டில் ஜூலியா இறந்தார். பொகவந்தலாவை செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அடுத்த வருடம் சார்லஸும் அவருக்குப் பக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். சுற்றிலும் இன்று தேயிலைத் தோட்டங்கள். அங்கே கொழுந்து பறிப்பவர்கள் பேசுவது தமிழ். பிறந்தது கல்கத்தா, புகழ் பெற்றது இங்கிலாந்து, உறங்குவது நம் மக்களுக்கு நடுவில்.

சில காலம் உலகம் அவரை மறந்துபோனது. 1926-ல் அவருடைய படங்களைப் புத்தகமாக்கியவர்களில் ஒருவர் எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப். ஜூலியா ஆசை ஆசையாகப் படமெடுத்த சகோதரி மகள்தான் வர்ஜீனியாவின் அம்மா. 2015-ல் 200-வது பிறந்த ஆண்டுக்கு, அன்று அவர் படங்களை வாங்கிய அதே லண்டன் மியூசியம் பெரிய கண்காட்சி நடத்தியது.

48 வயதுக்கு மேல என்னத்தைக் கத்துக்கிறதுன்னு சலிச்சுக்கிற அம்மா, அத்தை, பெரியம்மா உங்க வீட்டில் இருந்தால் ஜூலியா கதையைச் சொல்லுங்க. முடிந்தால் ஒரு கேமராவையே கையில் கொடுங்க, பழசா இருந்தாலும் பரவாயில்லை. யாருக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

இன்னொரு சின்ன வேலை, இது உங்களுக்கு. உங்க போன் கேலரியில் ஆயிரக்கணக்கில் முகங்கள் இருக்கும். கிரிவலப் பாதையில் பூ விற்ற ஆயா, டீ போட்டுக் கொடுத்த அண்ணன், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிய அக்கா. படம் எடுக்கும் முன்னாடி எடுக்கலாமான்னு ஒரு வார்த்தை கேளுங்க. எடுத்த பிறகு பேர் என்னன்னு கேளுங்க. அதைப் படத்தோடு சேர்த்து எழுதி வைங்க. வீட்டுப் பழைய ஆல்பத்தில் இருப்பவர்களின் பெயர்களையும், அடையாளம் சொல்லப் பாட்டி தாத்தா இருக்கும்போதே கேட்டுப் பின்னாடி எழுதிடுங்க. ஜூலியாவிடம் அபாரமான ஒரு கண் இருந்தது. அந்தத் தோட்டத்துப் பெண்ணின் பெயரைக் குறித்துவைக்க அவருக்குத் தேவைப்பட்டதோ ஒரு பென்சிலும் ஒரு நிமிடமும்தான்.